கொக்கு நின்ற இடம்

சனிக்கிழமை காலை ஏரியில் குழந்தைகளை இறக்கலாமா என்று நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். பள்ளி வாசலிலும் அதே பேச்சுதான். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குடி, வண்டியில போறப்ப பாத்தேன்" என்றாள் ஒருத்தி. "நீச்சல் சார் கூடவே இருப்பாரே, அப்புறம் இன்னா பயம்?" என்றாள் இன்னொருத்தி. பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினீர்கள். "இவளையா கேக்கறீங்க? இவ வாளித் தண்ணிக்கே பயப்படுவா." எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியது என்னவோ ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கோடையும் அதைத் தொடர்ந்து வந்த மழையும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் வரியை மட்டும் சொன்னால், வழக்கம்போல இவள் பயப்படுகிறாள் என்று விட்டுவிடுவீர்கள். நம் எல்லாருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது. கிரிவலப் பாதையில் இத்தனை விளக்குகள் இல்லாத அந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

அப்போது நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தோம். அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலையில் சைக்கிளில் போவார், மாலையில் சைக்கிளில் வருவார். அம்மா வீட்டையும் எங்கள் கொஞ்ச நிலத்தையும் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஏழு.

நான் பயந்த பிள்ளை. பஸ்ஸில் ஏறினால் நம் வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். அடுப்பை அணைத்தாயா என்று அம்மாவைத் தெருக்கோடியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். தங்கை ஊஞ்சலில் உட்கார்ந்தால் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். "இதுக்குள்ள ஒரு கிழவி உக்காந்திருக்கா" என்று அப்பா சொல்வார். பயந்த பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. நூறு தடவை 'வேணாம்' என்று சொன்ன வாயை நூற்று ஒன்றாவது தடவை யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷம் கோடையில் எங்கள் ஊர் ஏரி முழுக்க வற்றிவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை கம்மி. ஏரிக்குள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் அடியில் குளிர்ச்சியாக இருக்கும். நத்தை ஓடுகள் காலில் குத்தும். வெயிலில் காய்ந்த பாசியிலிருந்து கருவாட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு வாசனை வரும். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பழைய நோட்டுப் புத்தகங்களைத் திறந்தால் அந்த ஏரி ஞாபகம் வருகிறது.

ஏரிக்கு நான் போகக்கூடாது. மத்தியானம் இங்கிலீஷ் டியூஷனுக்குத்தான் போக வேண்டும். ஆனால் எதிர்வீட்டுப் பெண் என்னைவிடத் தைரியசாலி. டியூஷன் டீச்சருக்கோ யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்கும் பழக்கம் இல்லை. முதல் நாள் அவள் கையைப் பிடித்து இழுத்ததால் போனேன். அதற்குப் பிறகு நானே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். இவ்வளவு பயந்தவள் எப்படிப் போனாய் என்று கேட்பீர்கள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் இல்லாத ஏரியில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

ஏரிக்குள் அப்போது மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ சாலையை உயர்த்த மண் வேண்டியிருந்ததாம். கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் ஒடுங்கி மேடாகிற பக்கத்தில், டிராக்டர் இறங்க ஒரு சரிவு வெட்டி, அதன் முடிவில் பெரிய குழி தோண்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையைவிட ஆழம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் மரநிழலுக்குப் போனதும் நாங்கள் குழிக்குள் இறங்குவோம். சுவர் செங்குத்தாக இருக்கும். மேலே சாம்பல் மண், அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே மஞ்சள். விரலை வைத்து இழுத்தால் கறுப்பு மண் வெண்ணெய் மாதிரி வரும்.

குழிக்கு நடுவில் ஒரு மண்திட்டு தனியாக நின்றது. தோண்டிய ஆழத்தை அளந்து பார்ப்பதற்காக, பழைய தரை மட்டத்திலேயே கொஞ்சம் இடத்தை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அளந்து முடித்ததும் அதையும் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு டிராக்டர்காரர் எங்களிடம் சொன்னார். முதலிலேயே சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் மேடான இடம் அது; உச்சியில் பழைய புல் அப்படியே இருக்கும். சுற்றிலும் பள்ளம், நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை. பக்கவாட்டில் கால் வைக்கப் பள்ளங்கள் கொத்தி ஏறினோம். உச்சியில் உட்கார்ந்து மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றோம். அங்கிருந்து பார்த்தால் மலை மட்டும்தான் தெரியும். மலைக்கு அடுத்து உலகத்தில் உயரமான இடம் அதுதான் என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஒரு நாள் அந்தத் திட்டிலிருந்து சறுக்கி இறங்கும்போது என் இடது கால் கொலுசு போய்விட்டது. தேடினோம். உதிர்ந்த மண்ணைக் கையால் அரித்தோம். சாப்பிடப் போன ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டோம். வீட்டில், பௌர்ணமிக் கூட்டத்தில் விழுந்துவிட்டது என்றேன். அந்த வாரம் பௌர்ணமி வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அம்மா திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பாதை நெடுகக் குனிந்து தேடினாள். எலுமிச்சைத் தோல், அறுந்த செருப்பு, தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றையும் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அண்ணாமலையாரே, கண்ணுல காட்டுப்பா" என்று அவள் முணுமுணுத்தபோது நானும் குனிந்து தேடுவதுபோல நடித்தேன். அவளுடைய கொலுசை உருக்கி எனக்குச் செய்தது அது. பாதி மலையைச் சுற்றியும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மழை அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்பே ஏரி நிரம்பி, கோடி போயிற்று. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்து போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பொங்கல் வைத்தார்கள், பூவும் மஞ்சளும் தண்ணீரில் விட்டார்கள். தண்ணீர் விழும் இரைச்சலில் பக்கத்தில் பேசினால்கூடக் கேட்கவில்லை. பெரியவர்கள் எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்தவர்கள். நிரம்பிய ஏரியில் ஏதாவது தப்பு இருக்க முடியும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. இப்போது யோசித்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தீபத்துக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வேலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இருபத்து நான்கு வயது இருக்கும். கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். தீபம் முடிந்தும் ஒரு வாரம் லீவு போட்டுத் தங்கினார். "ஏரி ரொம்பியிருக்கு. இந்த வாட்டி ரெண்டு பேருக்கும் நீச்சல் கத்துக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

மாமா தண்ணீர் பார்க்கத் தெரியாதவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். நான் இன்றைக்குத் தண்ணீரைப் பார்க்கிற விதமே பாதி அவருடையதுதான்.

முதல் நாள் எங்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ளங்கை தெரியல. இன்னிக்கி வேணாம்" என்றார். தங்கை அழுதாள். "அழுதா தண்ணி தெளிஞ்சிடுமா? நட."

இரண்டாம் நாள் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் வெயில்தான். ஆனாலும் இறக்கவில்லை. "அங்க பேஞ்சா ஓடையில வந்து இங்கதான் சேரும். நாம இறங்கறப்ப ஒரு தண்ணி, ஏறறப்ப ஒரு தண்ணி. அது ஆவாது."

மூன்றாம் நாள் காற்று. ஏரியில் மலையின் நிழல் துண்டு துண்டாக உடைந்து ஆடியது. "மலை முழுசா தெரியற அன்னிக்கி வருவோம்" என்றார். மதகுப் பக்கம் போகவே விடவில்லை. ஒரு புங்க இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். இலை சும்மா மிதந்து நின்றது, பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி மதகை நோக்கி நகர ஆரம்பித்தது. "பாத்தியா? மேல ஒண்ணுமே தெரியல. கீழ இழுக்குது." தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மாமாவை மிகவும் பிடித்துவிட்டது. பயப்படுவதற்கும் கணக்கு இருக்கிறது என்று முதன்முதலில் ஒரு பெரியவர் காட்டியது அப்போதுதான்.

வீட்டில் அவரைக் கிண்டல் செய்தார்கள். "நீச்சல் கத்துக் குடுக்கறியா, இல்ல ஏரிக்கு ஜாதகம் பாக்கறியா?" என்றாள் அம்மா.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. பொருத்தம் சரியில்லன்னா மூழ்கறது மாப்பிள்ளதான்."

அப்பாகூடச் சிரித்தார்.

நான்காம் நாள் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளங்கை தெரிந்தது. உச்சியில் மேகம் இல்லை. மலை உடையாமல் தலைகீழாகத் தண்ணீரில் நின்றது. அம்மாவும் துண்டு, மாற்றுத் துணி, ஒரு தூக்கில் எலுமிச்சைச் சாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். கரைப் பக்கம் எடுத்த எடுப்பிலேயே ஆழம் என்பதால் மாமா எங்களை எதிர்ப்புறம் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் சரியான யோசனைதான். மேட்டுப் பக்கம் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது.

அங்கே போய் நின்றதும் எங்கே நிற்கிறோம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. டிராக்டர் சரிவு, குழி எதுவும் தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மட்டமாகத் தண்ணீர். ஆனால் ஆட்கள் சாப்பிட உட்காரும் கருவேல மரத்தை எனக்குத் தெரியும். அதிலிருந்து மலையைப் பார்த்த திசையில் நாற்பது, ஐம்பது அடி. நான் அங்கே பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் கால் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது.

மாமாவும் அதைத்தான் பார்த்தார். "இதவிட சாட்சி வேணுமா? கொக்கு நிக்குது பாரு. அதுக்குக் கால் முங்கல. நேரா கொக்கு வரைக்கும் போறோம், அங்க நின்னு மூச்சு பிடிக்கறோம், திரும்பறோம். அவ்ளோதான் இன்னிக்கிப் பாடம்."

அளவுத் திட்டை அவர்கள் வெட்டவில்லை. அதன் உச்சியில்தான் கொக்கு நின்றது. ஏரியிலேயே ஆழம் கம்மியான இடமும் ஜாஸ்தியான இடமும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

"மாமா, அங்க வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"ஆழம்."

"கொக்கு நிக்குதேடி."

"இருந்தாலும் ஆழம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னால் டியூஷன் வரும். டியூஷனுக்குப் பின்னால் கொலுசு வரும். கொலுசுக்குப் பின்னால் கிரிவலப் பாதையில் குனிந்து குனிந்து நடந்த அம்மா வருவாள். அம்மா அப்போது மரத்தடியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தாள். "ஆரம்பிச்சுட்டியா? அவளை விடுடா. சின்னவளக் கூட்டிட்டுப் போ. அவ பாத்துட்டு அப்புறம் இறங்குவா" என்றாள்.

தங்கை பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மாமாவின் கையைப் பிடித்தாள். இருவரும் இறங்கினார்கள்.

அந்த நடையை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். தங்கைக்குத் தண்ணீர் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். "ஐய, ஜில்லுன்னு இருக்கு மாமா!" அவள் ஒவ்வோர் அடிக்கும் குதித்தாள். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்தடி. இப்போதும் தரைதான், பரவாயில்லை. இருபது. டிராக்டர் சரிவு இடது பக்கம் இருந்ததா, வலது பக்கமா? நான் தப்பாக நினைக்கிறேனோ? மழையில் குழி தூர்ந்திருக்குமோ? ஒருவேளை மாமா சொல்வதுதான் சரியோ? பாருங்கள், அந்த நேரத்திலும் நான் என்னையே சந்தேகப்பட்டேன். முப்பதடி. தங்கைக்கு இடுப்பு வரை வந்துவிட்டது.

"மாமா, நில்லுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அங்க குழி! மண்ணு எடுத்த குழி! நான் உள்ள இறங்கியிருக்கேன்! கொக்கு நிக்கறது அளவு பாக்க விட்ட திட்டு. சுத்தி ரெண்டு ஆள் ஆழம்!"

மாமா நின்றார். அம்மாவும் எழுந்தாள்.

"எப்போ இறங்கின?" இது அம்மா.

"கோடையில."

"கோடையில எப்போ? மத்தியானம் டியூஷன் போனியே."

"போகல."

"போகலையா?"

"அங்கதான் வந்தேன். கொலுசும் அங்கதான் விழுந்துச்சு."

அம்மா, "மலையச் சுத்தித் தேட வெச்சியேடி! என்னக் குனிய வெச்சுப் பாத்துக்கினு இருந்தியேடி!" என்று கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். குழி அவள் காதில் விழவே இல்லை. கொலுசு மட்டும் விழுந்தது. தண்ணீரில் நின்ற மகளைவிட மண்ணில் போன கொலுசா பெரிது என்று பல வருஷம் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. குழி இருக்கிறது என்று அவள் நம்பினால், அதற்குப் பத்தடி முன்னால் தன் பிள்ளை நிற்பதையும் நம்ப வேண்டும். கோபப்படுவது அதைவிடச் சுலபம். எனக்கும் ஒரு மகள் பிறந்த பிறகுதான் இது புரிந்தது.

மாமா சிரித்தார். "அக்கா, அடிக்காத. இரு. இவ சொல்ற குழி எங்கதான் இருக்குன்னு பாத்துடறேன்." தங்கையின் கையை விட்டார். "பாப்பா, நீ அசையாம இங்கயே நில்லு. மாமா கொக்கத் தொட்டுட்டு வரேன்."

நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் ஆள் இல்லை.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. தண்ணீர் அவர் மேல் மூடிக்கொண்டது. கொக்கு எழுந்து பறந்தது. தங்கை அசையாமல் நின்றாள், மாமா சொன்ன சொல்லைத் தட்டாமல். அம்மாவின் ஓங்கிய கை அப்படியே இருந்தது. பிறகு மாமாவின் தலை வெளியே வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இரண்டு கையடித்து நீந்தி வந்து தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நடந்து கரையேறினார். மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அடி தட்டலக்கா" என்றார். "கால நீட்டிப் பாத்தேன். அடி தட்டல."

யாரும் எலுமிச்சைச் சாதத்தைத் தொடவில்லை. அம்மா தங்கையின் தலையைத் துவட்டினாள், துவட்டினாள், அது நனையவே இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல்.

வீட்டில் எனக்கு அடி கிடைத்தது. இரண்டு குற்றம்: டியூஷனுக்குப் போகாதது, பொய் சொன்னது. இரண்டும் நான் செய்தவைதான். நான் கத்தியதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கதை எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் 'மாமா கொக்குப் பிடிக்கப் போய்க் குழியில விழுந்தாரே' என்றுதான் ஓடுகிறது. தங்கை கல்யாணத்தில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அந்தக் குழிக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றாள் என்பது அவளுக்குத் தெரியாது. மாமா மட்டும் ஊருக்குக் கிளம்பும்போது பஸ்ஸில் ஏறுவதற்கு முன் என்னிடம் குனிந்து, "எல்லாத்தையும் பாத்தேன். உன்னக் கேக்கலயே" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது அது புரியவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாட்கள் தண்ணீர் பார்த்தோம். நான்கு நாட்களும் என் வாயில் அந்தக் குழி இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வேங்கிக்காலில் நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற ஏரியைப் பார்க்க இந்த மூன்று நாளும் மாலையில் கிளம்பினேன். முதல் நாள் பாதி வழியில் திரும்பிவிட்டேன், இதெல்லாம் எனக்கெதற்கு, நீச்சல் சார் பார்த்துக்கொள்வாரே என்று. அடுத்த நாள் மறுபடியும் போனேன். தண்ணீர் தெளிந்திருக்கிறது, முழங்காலளவில் நின்றால் விரல் தெரிகிறது. சாக்கடை வாடை இல்லை. பச்சைப் பாசி படரவில்லை. மதகு மூடியிருக்கிறது. இலை போட்டுப் பார்த்தேன், இழுப்பு இல்லை. ஆறு மணிக்குக் காற்று அடங்கி, மலை முழுசாகத் தெரிகிறது. மேகத்தை மட்டும் அன்றன்று காலையில்தான் பார்க்க வேண்டும். நீச்சல் சாரிடமும் கேட்டேன். அவர் நல்லவர், கயிறும் மிதவையும் வைத்திருக்கிறார். ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்ததே மழைக்குப் பிறகு. ஏரியை அவர் நிரம்பித்தான் பார்த்திருக்கிறார்.

நானும் அப்படித்தான். இந்தக் கோடையில் அங்கே மண் எடுத்தார்கள் என்று தெரியும், லாரிப் புழுதி நம் துணிக்கொடியில் வந்து படிந்தது. ஆனால் ஒரு தடவைகூட நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நம்மில் யாரும் பார்க்கவில்லை.

ஆகவே நேற்று மாலை, கரையோரம் விளையாடிக்கொண்டிருந்த நம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் மகளும் இருந்தாள். "தண்ணி இல்லாதப்ப ஏரிக்குள்ள யாரெல்லாம் ஆடுனீங்க? எங்கெங்க குழி இருக்குன்னு எனக்குச் சொல்லணும். யாரையும் திட்டமாட்டேன். யார் வீட்லயும் சொல்லமாட்டேன்" என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், யார் யார் இருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் கேட்காதீர்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் மகள்தான் கேட்டாள்.

"அம்மா, நெஜமாவே திட்டமாட்டியா?"

"மாட்டேன்."

"மூணு குழி இருக்கு. நடுக் குழிதான் ஜாஸ்தி ஆழம். நான் உள்ள நின்னா மேல வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பனைமரத்துக்கு நேரா." பக்கத்திலிருந்தவன் உடனே, "இல்ல ஆன்ட்டி, பனைமரத்துக்கு இந்தாண்ட" என்றான். "உனக்குத் தெரியாதுடா, நீ மூணு நாள்தான் வந்த" என்றாள் இவள்.

கோடை முழுக்க அவள் ஓவிய வகுப்பில் இருந்ததாகத்தான் எனக்குத் தெரியும். நானே கதவுவரை வந்து வழியனுப்பியிருக்கிறேன். எத்தனை நாள் போனாய், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேள்விகள் அம்மாவின் குரலிலேயே வரிசையாகத் தொண்டைக்கு வந்தன. என் கைகூட லேசாக உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கண்ணுக்கு மேல் வெயிலுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"எந்தப் பனைமரம்?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை இறக்கலாம். பனைமரத்திலிருந்து வேலிப் பக்கம் முழுக்க விட்டுவிட்டு, கோயில் பக்கப் படியில் மட்டும். மூன்று குழியையும் சுற்றி இன்று காலை நீச்சல் சார் படகில் போய் மூங்கில் விட்டுப் பார்த்தார். நடுக் குழியில் மூங்கிலுக்கு அடி தட்டவில்லை. சிவப்புத் துணி கட்டிய மிதவைகள் விட்டிருக்கிறார். என் மகளும் வருகிறாள், நானும் வருகிறேன்.

எந்தப் பனைமரம் என்று கேட்டதற்கு நேற்று அவள் உடனே பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இறங்கலாமா, வேண்டாமா என்று பார்ப்பதுபோல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கையை நீட்டிக் காட்டினாள்.